குழி 31

குசினிப் படியில் இரண்டு ஈரப் பொட்டுகள் இருந்தன. ஒவ்வொன்றும் புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிது. இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. சித்திரைக்குப் பிறகு பதினோராம் கட்டை என்ற அந்த ஊரில் ஒரு துளி மழை இல்லை. ஆவணி மாதத்து நண்பகல். வெறுங்காலை வைத்தால் பொசுக்கிவிடும் சீமெந்துப் படி. சோளகக் காற்று புழுதியை அள்ளி அள்ளி எறிந்துகொண்டிருந்தது. அந்த இரண்டு பொட்டுகள் மட்டும் காயாமல் கிடந்தன.

சுரேகா குனிந்து துணியால் துடைத்தாள். துணியை மூக்கருகே கொண்டுபோனபோது புதிதாக வெள்ளையடித்த சுவரின் வாசம் வந்தது. சுண்ணாம்பு. அவர்கள் வீட்டுச் சுவர் இன்னும் பூசப்படவேயில்லை, வெறுங் கல்லாகத்தான் நின்றது. உள்ளே போய் அடுப்பருகே இருந்த குடத்தைப் பார்த்தாள். ஒழுக்கு இல்லை. மூடி மூடியபடி இருந்தது. தண்ணீர் மட்டும் காலையில் நிரப்பியதைவிட ஒரு மிடறு குறைந்தாற்போலத் தோன்றியது. வெயிலில் கண் மயங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு, மடிக்கணினிக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள்.

அவளுக்கு வீட்டிலிருந்தபடியே வேலை. வவுனியாவில் ஜெகதீஸ்வரி மிஸ் நடத்தும் ஆய்வுக்குப் படம் பொருத்திக் கொடுப்பாள். வெள்ளைக்காரன் காலத்தில் மன்னார்க் கரையில் இறக்கி, காட்டு வழியாக மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்கு நடத்திச் சென்ற சனங்களின் பாதையை இன்றைய செய்மதிப் படத்தின்மேல் கொண்டுவருவதுதான் ஆய்வு. பழைய நில அளவைத் தாளில் உள்ள குளக்கட்டையோ ஆற்று வளைவையோ இன்றைய படத்தில் தேடிப் பிடித்து, ஊசி குத்துவதுபோல ஒவ்வொன்றாகக் குத்தி, தாளை இழுத்துப் பொருத்த வேண்டும். பொருந்திவிட்டால், பாதை இன்றைய வயல்களையும் கூரைகளையும் ஊடறுத்துக்கொண்டு ஒரு சிவப்புக் கோடாக எழும்.

அந்தக் கோடு பதினோராம் கட்டைக்குள்ளால் போனதை முதன்முதலில் பார்த்த நாளில் அவள் அழுதுவிட்டாள். எழுபத்தேழுக் கலவரத்தில் மலையில் வீடுகள் எரிந்தபோது ஓடிவந்த தோட்டத்துச் சனங்கள்தான் இந்த ஊர். முன்னோர் ஏறிப்போன அதே பாதையோரத்தில், அது தெரியாமலேயே, இறங்கிவந்து கொட்டில் போட்டிருக்கிறார்கள்.

பாதையோரம் சில இடங்களில் சிறு வட்டங்கள் இருந்தன. பக்கத்தில் கே, யூ, எல், ஐ என்று நான்கு ஆங்கில எழுத்துகள். அதன் பின் ஓர் எண். சுரேகா அதைக் ‘குழி’ என்று வாசித்தாள். குளத்தைக் ‘கொலம்’ என்று எழுதிய அளவையாளன் குழியை வேறெப்படி எழுதுவான்? வறண்ட வழியில் நடந்தவர்களுக்குத் தண்ணீர்க் குழி வெட்டிவைத்திருப்பார்கள், எண் அதன் ஆழம், அடிக்கணக்கு. குழி 9. குழி 14. குழி 22. எல்லாவற்றையும் நீலப் புள்ளியாக்கினாள். குழி 31 அவளுடைய குசினிக்குப் பின்னால் பத்தடி தள்ளி விழுந்தது.

“பாட்டன்மார் எங்களுக்கெண்டு இடம் பாத்து வச்சிட்டுப் போயிருக்கினம்” என்று அவள் கணவன் கிருபன் அன்று சிரித்தான்.

சிரிப்பதற்குக் காரணம் இருந்தது. அந்த ஊரில் எல்லாக் கிணறும் உப்புக் கரிக்கும் சவர்த் தண்ணீர். வீட்டுக்கொருவருக்குச் சிறுநீரக வருத்தம். கிருபனுக்கு முப்பத்தெட்டு வயதிலேயே கால் வீங்கத் தொடங்கியிருந்தது. நல்ல தண்ணீராக நாளுக்கு நாலு லீற்றர் குடிக்க வேண்டும், இல்லாவிட்டால் இரத்தம் சுத்திகரிக்கும் இயந்திரம்தான் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். அவன் தன் சிநேகிதன் தவராசாவைச் சேர்த்துக்கொண்டு அந்தப் புள்ளியில் வெட்டினான். ஆறடியில் ஒரு வெள்ளைப் படை வந்தது. சுண்ணாம்புக் கல் என்றார்கள். முப்பத்தொரு அடி போக வேண்டியிருக்கவில்லை. பன்னிரண்டு அடியிலேயே ஊற்றுப் பீறிட்டது. கிணற்றுக்குள் கடைசிக் கொங்கிறீற் வளையத்தை இறக்கும்போது கிருபனின் இடது பெருவிரல் நசிந்து நகம் கறுத்துப்போனது. அதைக்கூட அவன் பொருட்படுத்தவில்லை. தண்ணீர் இளநீரைப் போலிருந்தது.

மாசியிலிருந்து ஊரே தண்ணீர்க் கான்களோடு வந்தது. சுரேகா ஒருவரையும் திருப்பி அனுப்பியதில்லை. கேட்டு வந்தவருக்குத் தண்ணீர் இல்லை என்று சொன்ன வாயால் பிள்ளையாரை எப்படிக் கும்பிடுவது? இந்த ஆறு மாதத்தில் கிருபனின் கால் வீக்கம் வற்றிவிட்டது. போன மாதம் கிளினிக்கில் அறிக்கையைப் பார்த்த டொக்டர், கண்ணாடியைக் கழற்றிவிட்டு இன்னொருமுறை பார்த்தாராம்.

மறுநாள் நண்பகல் படியில் நான்கு பொட்டுகள் இருந்தன. அதற்கடுத்த நாள் பத்து. எப்போதும் இரண்டிரண்டாக, ஒரு சாண் தள்ளி. துடைத்தால் துணி நனைந்தது. திரும்பிப் பார்த்தால் அதே இடத்தில் மறுபடியும் இருந்தன.

அவை என்னவென்று அவளுக்கு வடிவம்மாதான் காட்டினாள், தான் காட்டுவது தெரியாமலேயே. வடிவம்மா அடுத்த வளவு வீட்டுக்காரி. சிறு பெண்ணாகத் தோட்டத்திலிருந்து வந்தவள். வன்னியில் நாற்பத்தைந்து வருடத்துக்கு மேலாகியும் பேச்சு மாறவில்லை.

“ஏன்டி, ஒன் வூட்டுக்காரன் கெணத்துல சீனி மூட்டையப் போட்டுட்டானா? வூட்டுல பொங்கின கஞ்சியே இனிக்குது.”

“இருங்கோ அம்மாயி, செம்பு தாறன்.”

“செம்பு என்னாத்துக்கு? ஊத்து தாயி. கையில குடிச்சாத்தான் எனக்குத் தாகம் அடங்கும்.” வடிவம்மா படிக்குக் கீழே குனிந்து இரு கைகளையும் சேர்த்து வாயருகே ஏந்தினாள். “எங்க பூட்டன் காலத்துல ரோட்டுல நடந்து வந்த சனத்துக்கு எவன் ஏனம் குடுத்தான்? தூரமா நின்னு கையில ஊத்துவாங்களாம். அது அப்பிடியே பழகிப்போச்சு.”

சுரேகா ஊற்றினாள். தண்ணீர் வடிவம்மாவின் விரலிடுக்கால் கசிந்து, மணிக்கட்டில் ஓடி, முழங்கைகளிலிருந்து சொட்டியது. படியில் விழுந்தது. இரண்டு பொட்டுகள். நடுவே ஒரு சாண்.

வடிவம்மா வாயைத் துடைத்துக்கொண்டு போனாள். அவள் விட்ட பொட்டுகள் அவள் வேலிப் படலையைத் தாண்டுமுன்பே காய்ந்துவிட்டன. பக்கத்திலிருந்த பத்தும் காயவில்லை.

அன்று பிற்பகல் முழுவதும் சுரேகா குசினிக் கதவைச் சாத்திவைத்திருந்தாள். மேசைவிசிறி தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிக்கொண்டிருந்தது. கூரைத் தகடு வெயிலில் விரிந்து ‘டிக், டிக்’ என்றது. எங்கோ மரங்கொத்தி ஒன்று கொத்துவதும் நிறுத்துவதுமாக இருந்தது. இந்தச் சத்தங்களுக்கெல்லாம் அடியில், கதவுக்கு அந்தப் பக்கம், காய்ந்த தொண்டையொன்று விழுங்குவதற்கு ஒன்றுமில்லாமல் விழுங்கிப் பார்க்கும் ஒலி கேட்டது. பிறகு இன்னொன்று. பிறகு மிக மெல்ல, அந்த ஊரில் வடிவம்மாவையும் அவள் வயதினரையும் தவிர வேறு யாரும் இப்போது சொல்லாத ஒரு சொல்லில்:

“தாகமா இருக்கு, தாயி.”

ஆண் குரல். வயதில்லாத குரல். அவள் எழும்பவில்லை. தொலைபேசி அடித்தபோதுதான் கதவிலிருந்து கண்ணை எடுத்தாள்.

“சுரேகா, கேக்குதோ? நான் ஜெகதீஸ்வரி. அந்த அளவையாளன்ர நாட்குறிப்பு கிடைச்சிட்டுது பிள்ளை. நேற்று முழுக்க இருந்து வாசிச்சனான்.” மிஸ்ஸின் குரல் வழக்கத்தைவிடத் தாழ்ந்திருந்தது. “நாங்கள் பிழை விட்டிட்டம். அது குழி இல்லை.”

“அப்ப என்ன மிஸ்?”

“கூலி.”

விசிறி இந்தப் பக்கம் திரும்பியது. அந்தப் பக்கம் திரும்பியது.

“நம்பர் ஆழமில்லை, பிள்ளை. ஆக்கள். வாந்திபேதி வந்து நடக்கேலாமல் விழுந்த ஆக்கள். முப்பத்தொண்டுக்கு அவன் எழுதியிருக்கிறதை வாசிக்கிறன், கேளும்: ‘குளக்கட்டின் கீழ்ப் பள்ளத்தில் இன்று முப்பத்தொரு கூலிகள். சுண்ணாம்பு போதவில்லை. கங்காணி மற்றவர்களை நடத்திக்கொண்டு போய்விட்டான். மண் மூடும்போது சிலர் இன்னும் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.’”

சுரேகா சாத்தியிருந்த கதவை மறுபடியும் பார்த்தாள்.

“நீலத்தை எல்லாம் மாத்த வேணும். சனம் பாக்கிற படம், பொய்யா இருக்கக்கூடாது. அந்த முப்பத்தொண்டு விழுற இடத்தில இப்ப என்ன இருக்கு?”

எலும்பு என்று ஒரு சொல் வெளியே போனால் இந்தப் பக்கத்தில் என்ன நடக்கும் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பொலிஸ் வரும். மஞ்சள் நாடா கட்டும். நீதவான் வருவார். மண்ணைக் கிண்டுவது வருடக்கணக்கில் இழுபடும். கிணற்றை மூடிவிடுவார்கள். கிருபனின் கால் மறுபடியும் வீங்கும்.

“ஒண்டுமில்லை மிஸ்” என்றாள் சுரேகா. “பத்தைக்காடு.”

சொன்ன அந்தக் கணத்தில், கதவுக்கு வெளியே விழுங்கும் ஒலி நின்றது. அத்தனையும் ஒன்றாக. யாரோ செவிகொடுத்ததைப்போல.

மாலையில் கிருபன் நெல் ஆலையிலிருந்து வந்து, போத்தலை நிரப்பி, நின்றபடியே அண்ணாந்து குடித்தான். அவன் தொண்டை ஏறி இறங்கியது. அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். தடுக்க வேண்டும்போல் இருந்தது. குடியுங்கோ, இன்னும் குடியுங்கோ என்று கெஞ்ச வேண்டும்போலவும் இருந்தது. அவன் போத்தலை இறக்கிய பிறகும் விழுங்கும் ஒலி கேட்டது. ஒரு மிடறு. அவனுக்குப் பின்னால்.

“என்ன, பேயைக் கண்ட மாதிரி நிக்கிற?”

“ஒண்டுமில்ல.”

ஒரே நாளில் இரண்டாவது தடவை அந்தச் சொல்.

விடியற்காலையில் அவள் கண்விழித்தபோது கிருபன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சாம்பல் வெளிச்சத்தில் தரை மினுங்கியது. குசினி வாசலிலிருந்து நடைவழியால் வந்து, அறைக்குள் நுழைந்து, கட்டிலைச் சுற்றி, அவன் தலைமாட்டில் நெருக்கியடித்து, இரண்டிரண்டாக ஈரப் பொட்டுகள். சுண்ணாம்பு வாசம் அறையை நிறைத்திருந்தது. படுத்திருந்தவனின் வாயருகே எத்தனை பேர் குனிந்து நின்றிருக்க வேண்டும்!

“சுரே” என்றான் அவன், தரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “நான் உனக்கு ஒண்டு சொல்லேல்ல.”

அவள் எழுந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“கிணறு வெட்டேக்க வெள்ளைப் படை வந்ததெல்லே. அதுக்குள்ள எலும்பு கிடந்தது. காட்டுப் பண்டி எலும்பு எண்டன். தவராசாவும் ஓமெண்டான். ரெண்டு பேரும் ஒருத்தர்ர முகத்த ஒருத்தர் பாக்கேல்ல.” அவன் கறுத்த பெருவிரலைத் தடவினான். “ஒரு எலும்பில சின்னப் பித்தளை வளையல் இருந்தது. இந்தளவுதான். பண்டி வளையல் போடுறேல்லத்தானே.”

“என்ன செய்தீங்க?”

“திரும்ப அந்தப் படைக்குள்ளயே தள்ளிவிட்டு, கடைசி வளையத்த இறக்கி மறைச்சன். அப்பதான் விரல் நசிஞ்சது.”

சுரேகா எல்லாவற்றையும் சொன்னாள். நான்கு எழுத்துகளை. முப்பத்தொன்றை. மூடும்போது தண்ணீர் கேட்டவர்களை. தான் மிஸ்ஸிடம் சொன்ன பொய்யை. சொல்லி முடித்தபோது வெளியே வெளிச்சம் வந்து, கொண்டைக்குலாத்திக் குருவி ஒன்று கத்தத் தொடங்கியிருந்தது. கிருபன் கட்டிலடியில் இருந்த போத்தலை எடுத்து, இன்னும் தள்ளி வைத்தான்.

“புள்ளிய மாத்து.”

“மாத்தினா கிணத்த மூடுவாங்க. உங்கட உடம்பு…”

“எனக்கு நாளுக்கு நாலு லீற்றர். அவங்களுக்கு ஒரு மிடறு குடுக்க ஆளில்ல.” அவன் குரலில் கோபமில்லை, களைத்துப்போன ஒரு பரிவுதான் இருந்தது. “முதல்ல அவங்களுக்கு விடாய் தீரட்டும். அதுவரைக்கும் எனக்கு அந்தத் தண்ணி வேண்டாம்.”

அவள் கெஞ்சிப் பார்த்தாள். அழுது பார்த்தாள். அவன் பழைய கிணற்றுச் சவர்த் தண்ணீரை அரைக் கோப்பை எடுத்து, முகத்தைச் சுளித்துக் குடித்துவிட்டு வேலைக்குப் போனான்.

சுரேகா மேசையில் உட்கார்ந்தாள். நீலப் புள்ளிகளை ஒவ்வொன்றாக அழித்தாள். ஒன்பது பேர். பதினான்கு பேர். இருபத்திரண்டு பேர். தன் குசினிக்குப் பின்னால் வந்தபோது விரல் நின்றது. திருநீற்றைத் தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டு எழுதினாள்: முப்பத்தொரு பேர். சிலர் உயிரோடு. பிறகு மிஸ்ஸுக்கு எழுதினாள். பத்தைக்காடு இல்லை மிஸ், எங்கட கிணறு, பொய் சொன்னதுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்கோ. மிஸ்ஸும் அதிகாரிகளும் வெள்ளிக்கிழமை வருவதாகப் பதில் வந்தது. கான்களோடு வந்தவர்களிடம் கிணற்றில் இறைக்க வேண்டாம் என்று சொன்னாள். அப்படிச் சொல்வது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

மூன்று நாட்கள் வீட்டுக்குள் ஈரம் இல்லை. சுண்ணாம்பு வாசமும் இல்லை. கிருபனின் கண்ணிமைகள் தடித்திருந்தன. புதன்கிழமை விடிய, வவுனியாவுக்குக் கிளினிக் பஸ்ஸைப் பிடிக்கப் புறப்பட்டவன் செருப்பின் வாரைக் கடைசி ஓட்டையில் மாட்டினான்.

“போத்தல விட்டிட்டுப் போறீங்க.”

“வழியில ஆராவது ஒரு மிடறு தருவினம்” என்று சிரித்தான். “இந்த உலகத்தில அது கிடைக்காமலா?”

படலைவரை போய்த் திரும்பிப் பார்த்தான். கையை ஆட்டினான்.

மூன்று நாளாக அஞ்சித் தள்ளிப்போட்டதை அன்று நண்பகலில் சுரேகா செய்யத் துணிந்தாள். குளித்து, விளக்கேற்றி, கிணற்றிலிருந்து ஒரு குடம் இறைத்துக் குசினிக்குள் வைத்தாள். செம்பை நிறைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். வெயில் வெள்ளையாக நின்றது. காற்று விழுந்துவிட்டது. ஒரு காகம்கூட இல்லை. வாசலிலேயே உட்கார்ந்தாள். வீட்டுக்குள் அம்மாவோடு பேசிய தோட்டத்துப் பேச்சில் கூப்பிட்டாள்.

“வாங்க. தண்ணி இருக்கு. எல்லாருக்கும் இருக்கு.”

ஒன்றுமில்லை. கிணற்றடியில் புழுதி அசைந்தது. பிறகு, படிக்குக் கீழே, வெறும் வெளிச்சத்திலிருந்து இரண்டு கைகள் நீண்டன.

வெள்ளை படிந்த கைகள். சேர்த்து ஏந்திய கைகள். அவற்றுக்குப் பின்னால் முகமில்லை, வெயில்தான் இருந்தது. அவள் செம்பைச் சரித்தாள். விழுங்கும் ஒலி. நீளமான ஒரு மூச்சு. முழங்கை இருக்க வேண்டிய இடத்திலிருந்து இரண்டு துளிகள் சொட்டின. அந்தக் கைகள் குவிந்தன, அவளைக் கும்பிடுவதுபோல. மறைந்தன.

அடுத்த கைகள். ஒரு விரல் இல்லாதவை.

அடுத்தவை. பெண்ணுடையவை. பச்சை குத்தியவை.

அவள் ஊற்றினாள். அழுதுகொண்டே ஊற்றினாள். குடத்திலிருந்து செம்பு, செம்பிலிருந்து கைகள். பயம் போய்விடவில்லை. ஆனால் பயத்தைவிடப் பெரிய துக்கம் ஒன்று அவளைப் பிடித்து நிறுத்தியிருந்தது. எண்ணினாள். பதினேழு. பதினெட்டு. படி முழுவதும் ஈரமாகியது. இருபத்தாறு. முப்பது.

முப்பத்தோராவது கைகள் மிகச் சிறியவை. இடது மணிக்கட்டில் பித்தளை வளையல். அவற்றுக்கு ஒரு செம்பு முழுவதையும் ஊற்றினாள். மெதுவாக. புரையேறாமல். “குடி கண்ணு. குடி.” கடைசி மிடறு. வயிறு நிறைந்த ஒரு சின்ன ஏவறைச் சத்தம்.

சிறிய கைகள் குவிந்து, கரைந்தன.

முடிந்தது. படி வெறுமையாக இருந்தது. சுரேகா கண்ணைத் துடைத்தாள். வெளியே முதல் காகம் கத்தியது. வெள்ளிக்கிழமை கிணற்றை மூடினாலும் மூடட்டும், கடவுள் வேறு வழி காட்டுவார் என்று தோன்றியது. செம்பைக் கவிழ்க்கப் போனாள்.

இரண்டு கைகள் நீண்டன.

அவள் எண்ணிப் பார்த்தாள். முப்பத்தொன்று. சரியாகத்தான் எண்ணியிருந்தாள்.

இந்தக் கைகளில் சுண்ணாம்பு இல்லை. நகத்தோரங்களில் உமித்தூள். முழங்கை மடிப்பில், இரத்தம் எடுத்த இடத்தில், ஒட்டிய பஞ்சு. தடித்து வீங்கிய விரல்கள்.

இடது பெருவிரல் நகம். கறுப்பு.

உள்ளே தொலைபேசி அடிக்கத் தொடங்கியது.

“விடாய்க்குது, சுரே.”

தொலைபேசி நின்றது. மறுபடியும் அடித்தது. அவள் திரும்பவில்லை. குடத்தைச் சாய்த்து அடித்தண்ணீரைச் செம்பில் எடுத்தாள். இரு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். ஊற்றினாள்.

அவன் குடித்தான். முழங்கைகளிலிருந்து இரண்டு துளிகள் படியில் விழுந்தன. நடுவே ஒரு சாண்.

வெயில் படியைக் காய்ச்சியது. முப்பத்தொரு சோடிப் பொட்டுகள் ஒவ்வொன்றாக உலர்ந்து போயின.

கடைசிச் சோடி காயவில்லை.